பெங்களூரில் பொது நிலம்: கோமாளா, ஏரி, ராஜகாலுவே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறேன். நிலப் பத்திரங்களைப் படித்துச் சொல்லவும், கன்னடத்தில் மனு எழுதித் தரவும் கேட்டுத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வருவது வழக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, சேர்த்த பணத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் ஒரு பக்கம். இரண்டு மூன்று தலைமுறையாகக் குடிசைப் பகுதியிலேயே வாழ்ந்து, எப்போது இடிப்பார்களோ என்று பயந்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பினரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை கர்நாடகச் சட்டப்படியான பதில்கள். தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்துப் படித்தால் சில இடங்களில் தடுமாற நேரும்.

பொது நிலம் என்றால் அரசு நிலம்தானே? ஊர் மக்களுக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது?

உடைமை அரசுடையது, பயன்பாடு ஊருடையது. 1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 67ஆம் பிரிவில், சாலை, சந்து, பாதை, ஆறு, ஓடை, ஏரி, கால்வாய், தனியாருக்குச் சொந்தமில்லாத மற்ற எல்லா நிலமும் மாநில அரசின் சொத்து என்று சொல்கிறது. ஆனால் 71ஆம் பிரிவு, ஊர் மாடுகளின் இலவச மேய்ச்சலுக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ நிலத்தை ஒதுக்கலாம் என்றும், ஒதுக்கிய பிறகு டெபுடி கமிஷனரின் (தமிழ்நாட்டில் கலெக்டர்) அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த மேய்ச்சல் உரிமை எந்த ஊருக்கு ஒதுக்கப்பட்டதோ அந்த ஊரின் மாடுகளுக்கு மட்டுமே என்பது 72ஆம் பிரிவு.

எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 1966ஆம் ஆண்டின் நில வருவாய் விதிகளில் 97ஆம் விதி, நூறு மாடுகளுக்கு 12 ஹெக்டேர், அதாவது சுமார் 30 ஏக்கர் என்கிறது. ஆகவே மேய்ச்சல் நிலம் அரசு மனம்போல் கொடுத்துப் பறிக்கும் சலுகையன்று. சட்டம் அளந்து ஒதுக்கிய இடம் அது.

கோமாளா, குண்டுதோப்பு, கெரெ, கராபு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் இவையெல்லாம் என்ன?

கோமாளா என்பது மேய்க்கால் புறம்போக்கு. குண்டுதோப்பு என்பது ஊருக்குப் பொதுவான மரத்தோப்பு. மா, புளி, நாவல், ஆல் நிற்கும். கெரெ என்பது ஏரி. ராஜகாலுவே என்பது ஓர் ஏரியின் உபரிநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் பெருங்கால்வாய். ஸ்மசானம் என்பது சுடுகாடு, இடுகாடு.

கராபு மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. ஒரு சர்வே எண்ணுக்குள் பயிர் செய்ய முடியாத பகுதியைக் கராபு என்று பிரித்து எழுதுவார்கள். பாறை, களர் போன்றவை ஏ கராபு. பாதை, ஓடை, குளம், சுடுகாடு எனப் பொதுமக்களுக்காக விடப்பட்டது பி கராபு. தனியார் பெயரில் உள்ள இரண்டு ஏக்கர் சர்வே எண்ணுக்குள்ளேயே நாலைந்து குண்டா பி கராபு இருக்கலாம். (40 குண்டா ஒரு ஏக்கர், ஒரு குண்டா 1,089 சதுர அடி.) அந்தப் பகுதியை விற்க நிலச் சொந்தக்காரருக்கு அதிகாரம் இல்லை. மனை வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் கொண்டுவந்த பத்திரங்களில் நான் அதிகமாகப் பார்த்த சிக்கல் இதுதான்.

இங்கே பட்டா, சிட்டா கிடையாதா? பொது நிலமா இல்லையா என்று எந்தக் காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

இங்கே முதல் காகிதம் பஹணி. ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். பூமி இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். அதில் 3ஆம் கட்டத்தைப் பாருங்கள். மொத்தப் பரப்பு, அதன் கீழே இரண்டு வகைக் கராபு, கடைசியில் மீதமுள்ள பரப்பு என்று வரிசையாக இருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டிவிடாதீர்கள், மீதிதான் தனியாருடையது. 9ஆம் கட்டத்தில் உடைமையாளர் பெயர் இருக்கும். அங்கே ஆள் பெயருக்குப் பதில் 'சர்க்காரி', 'கோமாளா', 'சர்க்காரி கெரெ' என்று இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். 11ஆம் கட்டத்தில் கடன், தடையாணை, வழக்கு போன்றவை வரும்.

பஹணியோடு நிறுத்திவிடக் கூடாது. ஊர் வரைபடத்தை (கிராம நக்‌ஷா) நில அளவைத் துறையில் வாங்குங்கள். பழைய வரைபடத்தில் ஏரி, ஓடை, வண்டிப்பாதை எல்லாம் கோடுகளாகத் தெரியும். இன்று தார்ச்சாலையும் கடைகளுமாக இருக்கும் இடத்தில் அந்த வரைபடம் ஓர் ஓடையைக் காட்டும். சர்வே எண்ணின் அளவுக் குறிப்பான டிப்பணியும், பரப்புக் கணக்கான ஆகார்பந்தும் அதே துறையில் கிடைக்கும். பஹணி, டிப்பணி, ஆகார்பந்து மூன்றிலும் பரப்பு ஒத்துப்போக வேண்டும். நிலத்தில் நின்றபடி பார்க்க 'திஷாங்க்' என்ற அரசு செயலி இருக்கிறது. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை அது காட்டிவிடும். முதல் சோதனைக்கு மிக நல்லது, ஆனால் நீதிமன்றத்தில் அது சாட்சியாகாது.

வீட்டு வரி கட்டுகிறேன், காத்தா என் பெயரில் இருக்கிறது, மின் இணைப்பும் இருக்கிறது. இது போதாதா?

போதாது. காத்தா என்பது வரிக் கணக்கு. யாரிடம் வரி வாங்குவது என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு அது. உரிமைப் பத்திரம் ஆகாது. 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா (மின்னணுக் காத்தா) கட்டாயமான பிறகு, "காத்தா வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அரசு நிலத்தின் மேல் தவறாகப் போடப்பட்ட காத்தா, அந்த நிலத்தைத் தனியார் நிலமாக்கிவிடாது.

பதிவு செய்த கிரயப் பத்திரமும் அப்படியே. விற்பவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்குபவருக்கு வரும். வில்லங்கச் சான்றில் முந்தைய பதிவுகள் மட்டுமே தெரியும். கோமாளாவை யாரும் பதிவு செய்து விற்றிருக்காவிட்டால் வில்லங்கச் சான்று சுத்தமாகவே வரும். அதனால்தான் முந்தைய பதிலில் சொன்ன நான்கு காகிதங்களையும் பார்க்கச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி மாநகராட்சியில் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது. ஊரில் மாடே இல்லை. இன்னும் எப்படி அது மேய்ச்சல் நிலமாகும்?

2007ல் பெருநகர மாநகராட்சி உருவானபோது சுற்றியிருந்த ஏழு நகரசபைகள், ஒரு புரசபை, 110 கிராமங்கள் சேர்க்கப்பட்டன. 2025ல் கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் வந்து மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. அலுவலகப் பலகை மாறியதே தவிர, வருவாய்த் துறைப் பதிவேட்டில் இருந்த கோமாளா தானாக எங்கேயும் போய்விடவில்லை. 71ஆம் பிரிவின்படி முறையான உத்தரவு போட்டு வகை மாற்றும் வரை அது கோமாளாதான்.

மாடே இல்லை என்று சொல்வதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். வர்த்தூர், ஹொஸ்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அடுக்குமாடிகளுக்கு இடையே கால் காணி வெற்றிடம் கிடைத்தாலும் அங்கே மாடு கட்டியிருப்பார்கள். பாலை ஊற்றிவிட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்த மாடுகளை வளர்க்கிறார்கள். அவர்களுக்குத் தீவனம் வாங்கப் பணமில்லை, இருக்கும் புல்வெளியும் வேலிக்குள் போய்விட்டது. மாடு குறைந்ததால் மேய்ச்சல் நிலம் தேவையில்லாமல் போனது என்கிறார்கள். மேய்ச்சல் நிலம் போனதால்தான் மாடு குறைந்தது என்பதே நான் கண்டது.

மாஸ்டர் பிளானில் அந்த இடத்துக்கு மஞ்சள் நிறம், அதாவது குடியிருப்பு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் வீடு கட்டலாம்தானே?

இது எல்லோரையும் குழப்பும் கேள்வி. ஒரே கதவில் இரண்டு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது, எதற்காக ஒதுக்கப்பட்டது என்பதை வருவாய்த் துறைப் பதிவேடு தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பதை 1961ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின் கீழ் வரும் மாஸ்டர் பிளான் தீர்மானிக்கிறது. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. திட்ட வரைபடத்தில் மஞ்சள் பூசியிருந்தாலும் பதிவேட்டில் கோமாளா என்றிருந்தால் அது அரசு நிலம். மறுபுறம், உங்கள் சொந்த விவசாய நிலமாகவே இருந்தாலும் திட்டத்தில் பச்சைப் பகுதியாக இருந்தால் லேஅவுட் போட முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இன்றும் நடைமுறையில் இருப்பது 2007ல் ஒப்புதல் பெற்ற 2015ஆம் ஆண்டுக்கான திட்டம். 2031க்கான வரைவு 2017ல் வெளியானது, பிறகு கைவிடப்பட்டது. இத்தனை வேகமாக வளர்ந்த நகரம் இவ்வளவு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறது. அதில் விடுபட்ட சிற்றோடைகளும் குட்டைகளும் எவ்வளவோ. திட்ட வரைபடத்தில் காணவில்லை என்பதற்காக ஓடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஊர் வரைபடத்தையும் பாருங்கள்.

ஏரியிலிருந்தும் ராஜகாலுவேயிலிருந்தும் எத்தனை மீட்டர் விட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

எண்கள் மாறியதால் வந்த குழப்பம். 2015 திட்டத்தின்படி ஏரிக்கு 30 மீட்டர். கால்வாய்களில் முதல்நிலைக்கு 50, இரண்டாம்நிலைக்கு 25, மூன்றாம்நிலைக்கு 15 மீட்டர். கால்வாயின் நடுவிலிருந்து இருபுறமும் அளக்க வேண்டும். அகரம், பெள்ளந்தூர் ஏரிகளுக்கு இடையிலான கட்டுமானங்கள் பற்றிய வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதம் இதை உயர்த்தியது: ஏரிக்கு 75, கால்வாய்களுக்கு முறையே 50, 35, 25 மீட்டர், அதுவும் விளிம்பிலிருந்து. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. திட்டத்தில் இருப்பதைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்பது காரணம். பழைய அளவுகள் திரும்பின. 2025ல் ஏரியின் பரப்பைப் பொறுத்து இடைவெளியைக் குறைக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல், வாங்கும் நாளில் நடப்பில் உள்ள அளவைத் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த இடைவெளி தனியார் நிலத்தின் மேலும் விழும். அப்போது நிலம் உங்களுடையதாகவே இருக்கும், கட்டடம் மட்டும் கட்ட முடியாது. கால்வாயே உங்கள் சர்வே எண்ணுக்குள் ஓடினால் அந்தப் பகுதி பி கராபு. அது உங்களுடையதே அன்று. 2022 செப்டம்பரில் மகாதேவபுரா பக்கம் விலையுயர்ந்த வீடுகளிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றி வெளியே கொண்டுவந்ததை நாடே பார்த்தது. கால்வாயின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டால் மழைநீர் நம் வீட்டுக்குள் வரத்தான் செய்யும்.

மெஜஸ்டிக் பஸ் நிலையமே ஏரியில் கட்டியதுதானே? அரசு செய்தால் சரி, ஏழை செய்தால் தவறா?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியில் எழுந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியில் எழுந்தது. கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டு கிராமம் வந்தது. செல்லகட்டா ஏரியில் கோல்ஃப் மைதானம் வந்தது. நகரத்தின் நீர்நிலைகளை அழித்ததில் அரசின் பங்கு மிகப் பெரியது. அதை மறைக்கத் தேவையில்லை.

சட்டத்தின் கணக்கு வேறு. அவற்றில் நில வகை அரசு உத்தரவால் மாற்றப்பட்டது. உடைமை அரசிடமே இருந்தது. அந்த முன்னுதாரணத்தைக் காட்டித் தனி நபர் உரிமை கோர முடியாது. நீதிமன்றத்தில் இந்த வாதம் எடுபடாது. மனு எழுதும்போது இதில் நேரம் செலவிடாமல், கீழே சொல்லப்போகும் வழிகளில் உங்களுக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கிறோம். அனுபவ பாத்தியதை வந்துவிடாதா?

காலவரம்புச் சட்டத்தின் 112ஆம் இனம், அரசு வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் தருகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் 30 ஆண்டு குடியிருந்தால் மட்டும் போதாது. அரசின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல், சொந்தக்காரராகவே அனுபவித்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பெங்களூரில் ஓர் ஏரிப் படுகை நிலம் பற்றிய வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம், அரசு நிலத்தின் மேல் உரிமை கோருபவர்களின் ஆதாரத்தை மிகுந்த கவனத்துடன் ஆராய வேண்டும் என்றது. வருவாய்ப் பதிவேட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் பதிவுகளை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கக் கூடாது என்றும் சொன்னது. அரசிடம் "எங்களுக்குப் பட்டா கொடுங்கள்" என்று நீங்களே மனு கொடுத்திருந்தால், நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆனால் நீண்ட காலக் குடியிருப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். உரிமைப் பத்திரமாக அது மாறாது, மறுவாழ்வு கேட்பதற்கு வலுவான ஆதாரமாக மாறும். பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், மின் ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எதையும் தூக்கி எறியாதீர்கள்.

94சிசி போட்டால் கிடைக்கும் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 94சிசி என்பது நகரப் பகுதியில் அரசு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்த இடத்தைச் சட்டப்படி வழங்க நில வருவாய்ச் சட்டத்தில் உள்ள பிரிவு. கிராமப் பகுதிக்கு 94சி. குறிப்பிட்ட தேதிக்கு முன் கட்டிய வீடாக இருக்க வேண்டும். விண்ணப்பம் வாங்கும் காலத்தை அரசு அறிவிக்க வேண்டும். ஏரி, கால்வாய், சாலை ஆகியவற்றின் மேல் உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. விண்ணப்பத்தைத் தாசில்தார் அலுவலகத்தில் நீங்களே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம்.

அரசு நிலத்தில் பயிர் செய்பவர்களுக்கு உள்ள வழியைப் பகர் ஹுக்கும் என்பார்கள். பெங்களூர் நகர எல்லையிலிருந்து 18 கிலோமீட்டருக்குள் அது கிடைக்காது. அந்த எல்லைக்குள் "பகர் ஹுக்கும் நிலம், சீக்கிரம் பத்திரமாகிவிடும்" என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

எங்கள் குடியிருப்பு அரசு நிலத்தில் இருக்கிறது. ஸ்லம் போர்டு பட்டியலில் இருப்பதால் என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. ஸ்லம் போர்டு என்பது மாநில அரசின் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம். 1973ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதி என்றால், குடிநீர், கழிவுநீர், மின்சாரம், வீடு ஆகியவற்றைக் கேட்க உங்களுக்குச் சட்டபூர்வமான இடம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில்தான் ஹக்குபத்திரம் (உரிமைப் பத்திரம்) வழங்கும் வேலையும் நடந்துவருகிறது. அறிவிக்கப்படாத பகுதிக்கு இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. பேச்சு வழக்கில் "ஸ்லம் போர்டு ஏரியா" என்பதற்கும் அரசிதழில் பெயர் இருப்பதற்கும் இடையே பெரிய தூரம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போர்டுக்கு ஒரு மனு போட்டு, அறிவிப்பு எண்ணையும் தேதியையும், சேர்க்கப்பட்ட சர்வே எண்களையும் கேட்டு வாங்குங்கள். குடும்பப் பட்டியலில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். தமிழ்ப் பெயரைக் கன்னடத்தில் எழுதும்போது எழுத்து மாறிவிடும். ஆதாரில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்று நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதை அமைதியான நாளிலேயே திருத்திவிட வேண்டும். ஜேசிபி வந்து நிற்கும் நாளில் முடியாது.

நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டை இடிக்கலாமா? உச்ச நீதிமன்றமே கூடாது என்று சொல்லிவிட்டதே?

2024 நவம்பர் 13 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு, காரணங்களுடன் எழுத்துபூர்வமான உத்தரவு என்று அது விதித்தது உண்மை. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டவற்றுக்கும் அந்த நெறிமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஏரி, கால்வாய் ஓரத்தில் இருப்பவர்கள் இந்த விதிவிலக்கை அறிந்திருக்க வேண்டும்.

அதனால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று ஆகிவிடாது. 1985ல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்றது. வெளியேற்றும் முன் கேட்கப்பட வேண்டும் என்ற கொள்கையையும் ஏற்றது. நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, எழுத்தில் பதில் கொடுத்து, கூட்டு அளவை (அதிகாரிகளும் நீங்களும் சேர்ந்து நின்று அளப்பது) கேளுங்கள். வீடு உண்மையிலேயே கால்வாய் எல்லைக்குள் இருக்கிறதா என்பதே பல இடங்களில் அளக்கப்படாமல் இருக்கிறது.

தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கு அரசு வழங்கிய நிலத்தைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். 1978ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். (குறிப்பிட்ட நிலங்களின் கைமாற்றத் தடை) சட்டப்படி, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன்அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. நிலம் அவர்களின் வாரிசுகளுக்கே திரும்பும். மீட்கக் காலவரம்பு இல்லை என்பதை 2023 திருத்தம் தெளிவாக்கிவிட்டது. அந்தக் குடும்பம் அவசரத்துக்கு விற்கிறது, நீங்கள் மலிவுக்கு வாங்குகிறீர்கள். அந்த இடத்தில்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும்.

எங்கள் ஊர் கோமாளாவை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்வி. லேஅவுட் பூங்காவிலும் கட்டடம் வரப்போகிறதாம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் கேள்விப்பட்டதை உறுதி செய்யுங்கள். டெபுடி கமிஷனர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண் பற்றிய கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். திட்டத்தில் நிலப் பயன்பாட்டை மாற்றுவதானால் நகரத் திட்டச் சட்டத்தின் 14ஏ பிரிவின்படி பத்திரிகையில் அறிவித்து ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த அறிவிப்புகள் பொடி எழுத்தில் வரும், யாரும் பார்ப்பதில்லை. ஆட்சேபணை ஒரு பக்கம் இருந்தால் போதும்: சர்வே எண், பதிவேட்டில் உள்ள வகை, யார் பயன்படுத்துகிறார்கள், போனால் என்ன இழப்பு. ஊர்வாசிகள் பலர் தனித்தனியாகக் கொடுத்தால் நல்லது.

பூங்கா விஷயத்தில் உங்களுக்குப் பலமான துணை இருக்கிறது. ராஜ்மஹால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மேய்ச்சல் நிலம், குளம் போன்றவற்றுக்கு 2011 ஜனவரி 28 தீர்ப்பு இருக்கிறது. பஞ்சாபில் பாட்டியாலா பக்கம் ஒரு ஊர்க் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களை மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட நீதிமன்றம், வருடக்கணக்காக ஆக்கிரமித்ததும் பெரும் பணம் போட்டுக் கட்டியதும் சட்டபூர்வமாக்கக் காரணமாகாது என்றது. அரசு நில அபகரிப்பு பற்றிய புகார்களுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெங்களூரில் தனி நீதிமன்றமும் இருக்கிறது.

பொது நிலத்தையும் காக்க வேண்டும், அதில் குடியிருப்பவர்களையும் காக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டும் எப்படி நடக்கும்?

மேலே சொன்ன 2011 தீர்ப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது. நிலமற்ற தொழிலாளருக்கோ தாழ்த்தப்பட்டோருக்கோ அரசு உத்தரவின் பேரில் வழங்கப்பட்ட இடம், பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாட்டு இடம் ஆகியவற்றுக்கு அது விலக்கு அளித்தது. பெங்களூரில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதும் ரகசியமன்று. 2007ல் ஏ.டி. ராமசாமி தலைமையிலான சட்டமன்றக் கூட்டுக் குழுவும், 2011ல் வி. பாலசுப்பிரமணியன் தலைமையிலான பணிக்குழுவும் அதிகாரிகள் உடந்தையுடன் நடந்த பெரும் அபகரிப்புகளை அறிக்கையாகவே கொடுத்தன. ஆனால் மீட்பு என்று கிளம்பினால் முதலில் விழுவது தகரக் கூரைதான். 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் ஏழைகளுக்கென்றே ஒதுக்கிய மாநகராட்சிக் குடியிருப்பிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கென்று ஒப்பந்தமாகியிருந்தது.

என் கருத்து இதுதான். பெரிய வேலிகளை முதலில் எடுக்க வேண்டும். நீரோட்டத்தின் மேலேயே இருக்கும் குடிசைகளுக்கு நடக்கும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்களின் பிழைப்பு போய்விடும்.

நாங்கள் தமிழர்கள். எங்கள் மனுவை எடுத்துக்கொள்வார்களா? கன்னடமும் எழுத வராது.

மேலே சொன்ன எந்தச் சட்டமும் தாய்மொழியைக் கேட்கவில்லை. குடியிருப்பும் ஆவணமும்தான் கணக்கு. மனுவைக் கன்னடத்தில் கொடுங்கள். வேலை வேகமாக நடக்கும். அது அந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதையும்கூட. கன்னடம் எழுதத் தெரிந்த அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பொது நிலம் அவர்களுக்கும் பொதுதான். ஏரியைக் காக்கும் மனுவில் கன்னடக் கையெழுத்தும் தமிழ்க் கையெழுத்தும் ஒன்றாக இருந்தால் யாரும் அதைப் பிரித்துப் பேச முடியாது.

வரைபடத்தில் இருக்கும் வண்டிப்பாதையை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கேட் போட்டு அடைத்துவிட்டது. சுடுகாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகிறோம். யாரிடம் போவது?

தாசில்தாரிடம். முன்னே சொன்ன 67ஆம் பிரிவின்படி பாதை அரசின் சொத்து. பயன்பாட்டில் இல்லாத பாதையின் மேல் பொதுமக்களுக்கு உள்ள உரிமையை நீக்க 68ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் டெபுடி கமிஷனர் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, உத்தரவு போட்டால்தான் அது நீங்கும். பில்டர் கேட் போட்டதால் நீங்காது. நீங்கள் தினமும் நடக்கும் பாதை என்றால் பயன்பாட்டில் இல்லாதது என்று சொல்லவும் முடியாது.

ஊர் வரைபட நகலில் பாதையைக் குறித்துக் காட்டி, கேட்டின் படத்தை இணைத்து, அரசு நிலத்திலிருந்து ஆக்கிரமிப்பை அகற்றும் 104ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். கூடவே நில அளவைக்கும் விண்ணப்பியுங்கள். அளவையாளர் வரும் நாளில் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் உடனிருக்க வேண்டும். பழைய எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.